ஒரே பக்கம் உடையும் பல்

பிப்ரவரி 9

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது.

நானும் உன் அம்மாவும் சௌக்கியமாக இருக்கிறோம். உன் உடம்பு எப்படி? அங்கே குளிர் விட்டதா? வேளைக்குச் சாப்பிடுகிறாயா? இந்த மூன்றுக்கும் பதில் எழுதிவிட்டுத்தான் மற்றதை எழுத வேண்டும்.

போனில் சொன்னால் போதாதா என்று நீ நினைப்பாய். ஞாயிற்றுக்கிழமை போன் உன் அம்மாவின் சொத்து. அவள் பேசி ஓய்ந்து என்னிடம் தரும்போது, "சாப்பிட்டியா, சரி வச்சிடு" என்பதற்கு மட்டும்தான் நேரம் மிச்சம் இருக்கும். அதுவும் ஸ்பீக்கரில். தவிர, பார்சலுக்குள் ஒரு வரிகூட எழுதி வைக்காமல் அனுப்ப நான் என்ன கடைக்காரனா?

நான் ஓய்வு பெற்ற அன்று நீ ஒரு ரிமோட் காரைக் கையில் கொடுத்து, "இனிமே இதை ஓட்டுங்க" என்றாய். எல்லோரோடும் சேர்ந்து நானும் சிரித்தேன். இப்போது காலையில் டீ குடித்ததும் கை தானாக ரிமோட்டைத் தேடுகிறது. வீட்டு வாசலில் புறப்பட்டுத் தண்ணீர்த் தொட்டி வரை போய்த் திரும்புவது என் ரூட். இந்த மாதிரிக் காரை எல்லோரும் ஓரிடத்தில் நின்றபடி ஓட்டுவார்களாம். எனக்கு அது சரிப்படவில்லை. வண்டி நம்மைப் பார்த்து வரும்போது இடது வலதாகிவிடுகிறது. முப்பது வருஷம் பஸ் ஓட்டியவனுக்கு எதற்கு இந்தக் குழப்பம்? அதனால் வண்டிக்குப் பின்னாலேயே நடக்கிறேன். டிரைவர் சீட்டிலிருந்து பார்ப்பது மாதிரியே தெரியும். ஊரில் நாயைக் கூட்டிக்கொண்டு நடப்பவர்கள் உண்டு, காரைக் கூட்டிக்கொண்டு நடப்பவர் நீங்கள் ஒருத்தர்தான் என்கிறாள் உன் அம்மா. ஸ்கூட்டரில் பேட்டரி போய்விட்டது, அதனால் கடைக்கும் இப்படித்தான் போகிறேன். ரத்தக் கொதிப்புக்கு நடக்கச் சொன்ன டாக்டருக்கும் திருப்தி.

விஷயத்துக்கு வருகிறேன். தொட்டிக்கு முன்னால் சுவர் வளைகிற இடத்தில் வண்டி லேசாக இடித்தது. லேசாகத்தான். அன்றிலிருந்து ஸ்டீயரிங்கைத் திருப்பினால் உள்ளே கரகரவென்று சத்தம் வருகிறது, சக்கரம் அசைய மறுக்கிறது. முன்சக்கரத்தைத் திருப்பும் அந்தக் கறுப்புப் பெட்டியைக் கழற்றி இத்துடன் அனுப்பியிருக்கிறேன். நான் பஸ்ஸில் ஒரு கீறல் போட்டதில்லை என்பது உனக்குத் தெரியும். ஆகவே தப்பு பெட்டியுடையது.

சீக்கிரம் சரிசெய்து அனுப்பு. கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது.

உன் அப்பா


பிப்ரவரி 20

அன்புள்ள அப்பாவுக்கு,

குளிர் விட்டுவிட்டது. உடம்பு நன்றாக இருக்கிறது. வேளைக்குச் சாப்பிடுகிறேன், எதிர் அறை நர்ஸ் அக்கா விடுவதில்லை. மூன்றுக்கும் பதில் ஆயிற்றா?

பெட்டி வந்தது. அதற்கு செர்வோ என்று பெயர். நீங்கள் ரிமோட்டைத் திருப்பினால், அதற்குள் இருக்கும் மோட்டார் நாலைந்து பல்சக்கரங்களைச் சுற்றி, ஒரு சின்னக் கையை அசைத்து, முன்சக்கரத்தைத் திருப்பும். சக்கரம் சுவரில் மோதினால் இதெல்லாம் தலைகீழாக நடக்கும். அடி சக்கரத்திலிருந்து கைக்கு வந்து, கையிலிருந்து பல்லுக்குப் போகும். பல் நொறுங்கும். உங்கள் 'லேசாக'வுக்கு இரண்டு பல் போயிருக்கிறது.

என் வேலை என்ன என்று அம்மா எல்லோரிடமும் "ஏதோ மோட்டார் கம்பெனி" என்கிறாளே, இதுதான் அது. திரும்பி வரும் செர்வோக்களை விளக்கு வைத்த பூதக்கண்ணாடிக்குக் கீழே பிரித்து, மசகைத் துடைத்து, எப்படி உடைந்தது என்று எழுதுவது. பல்லைப் பார்த்தாலே என்ன நடந்தது என்று ஓரளவு தெரிந்துவிடும். அனுப்பியவர்கள் எல்லோரும் 'லேசாக இடித்தது' என்றுதான் எழுதுகிறார்கள். உங்களுக்கு நிறையத் துணை இருக்கிறது.

பல் மாற்றிவிட்டேன். கூடவே ஒரு சாமான் வைத்திருக்கிறேன். சேவர் என்பார்கள். செர்வோவின் கைக்குப் பதிலாக இதை மாட்டுங்கள். உள்ளே ஒரு ஸ்பிரிங் இருக்கிறது. சாதாரணமாகத் திருப்பும்போது விறைப்பாக நிற்கும், பலமாக அடிபட்டால் கொஞ்சம் வழிவிட்டு, அடி போனதும் பழைய இடத்துக்கு வந்துவிடும். அடி பல்வரைக்கும் போகாது. மேலே இருக்கும் நட்டை அதிகம் இறுக்காதீர்கள், ஸ்பிரிங் அசைய இடம் வேண்டும்.

அம்மாவிடம் போனிலேயே விசாரித்துக்கொள்கிறேன் என்று சொல்லுங்கள்.

அன்பு மகள்


மார்ச் 14

பல் டாக்டர் மகளுக்கு,

இங்கே எல்லோரும் நலம், செர்வோவைத் தவிர.

நீ அனுப்பிய சேவரை மாட்டினேன். ஓட்டிப் பார்த்தேன். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. ஸ்டீயரிங்கில் பிளே! நான் திருப்புவது ஒன்று, சக்கரம் நின்று யோசித்துத் திரும்புவது ஒன்று. ஸ்டீயரிங்கில் விரற்கடை பிளே இருந்தாலும் வண்டியை எடுக்க மாட்டேன் என்று டிப்போவில் மெக்கானிக்கோடு மல்லுக்கு நின்றவன் நான். என் சொந்த வண்டியில் அதைப் பொறுத்துக்கொள்வேனா? நட்டை நன்றாக இறுக்கிவிட்டேன். பிறகு ஸ்டீயரிங் கிண்ணென்று இருந்தது. நேற்றுத் தொட்டியிலிருந்து திரும்பி வரும்போது டீக்கடை எதிரே ஒரு சிமெண்ட் தூணில் இடித்தது. அந்தத் தூண் அங்கே எதற்கு இருக்கிறது என்று கடைக்காரருக்கே தெரியவில்லை.

அதை விடு. பெரிய செய்தி ஒன்று இருக்கிறது. என்னோடு வேலை பார்த்த பதினேழாம் நம்பர் ஞாபகம் இருக்கிறதா? ஆயுசு முழுக்க பதினேழாம் நம்பர் பஸ்ஸே ஓட்டியதால் அவன் பெயரே அதுவாகிப் போனது. இப்போது ஒரு பள்ளிக்கூடத்துக்கு வேன் விடுகிறான். ஜூனில் பள்ளி திறக்கும்போது புதிதாக ஒரு வேன் இறங்குகிறதாம். "உன்னைவிட்டா யாரை நம்பிப் பிள்ளைங்களை ஏத்துவேன்?" என்று கேட்டான். அந்த வார்த்தையை இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டேன். உடனே சரி என்றுவிட்டேன். உன் அம்மாவும் சந்தோஷமாகத்தான் இருக்கிறாள். காலையில் நான் அடுப்படிக்குள் நின்று யோசனை சொல்வது நின்றுபோகுமாம்.

ஓய்வு பெற்ற பிறகு ஆள் இருந்த இடமே தெரியாமல் போய்விடும் என்று பயந்திருந்தேன். உன்னிடம் சொன்னதில்லை, இப்போது சொல்கிறேன்.

உடைந்த செர்வோ இத்துடன் இருக்கிறது, சரிசெய்து அனுப்பு.

உன் அப்பா


மார்ச் 25

அன்பு அப்பாவுக்கு,

நலமாக இருக்கிறேன், கோபமாகவும் இருக்கிறேன். நட்டை இறுக்காதீர்கள் என்று எழுதினேன், நீங்கள் கிண்ணென்று இறுக்கியிருக்கிறீர்கள். முழுக்க இறுக்கினால் அது சேவர் இல்லை, வெறும் கை. அது பஸ் இல்லை அப்பா. பஸ்ஸில் நீங்கள் உட்கார்ந்து ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொள்கிறீர்கள், அடியை உங்கள் கை வாங்கிக்கொள்கிறது. இதில் அடி வாங்க அரைவிரல் பிளாஸ்டிக் பல் மட்டும்தான் இருக்கிறது.

வேன் செய்தியைப் படித்துவிட்டு நர்ஸ் அக்காவை அழைத்து அந்த வரிகளை வாசித்துக் காட்டினேன். பதினேழாம் நம்பர் மாமா சரியான ஆளைத்தான் கேட்டிருக்கிறார்.

இந்தத் தடவை உலோகப் பல் வைத்த செர்வோ அனுப்புகிறேன். சேவரின் நட்டை நானே அளவாகத் திருகி, சிவப்பு மையால் ஒரு கோடு போட்டிருக்கிறேன். கோட்டைத் தாண்டக் கூடாது. இன்னொன்று, இரண்டு தடவையும் ஒரே மாதிரியே உடைத்திருக்கிறீர்கள். எனக்கு எழுதவே அலுப்பாக இருக்கிறது. அடுத்த தடவை ஒரு மாறுதலுக்கு வலது பக்கம் மோதுங்கள்.

அம்மாவுக்கு என் அன்பு.

உங்கள் மகள்


ஏப்ரல் 16

என் அன்பு மகளுக்கு,

வெயில் ஏறிவிட்டது, ஆனாலும் நாங்கள் திடமாக இருக்கிறோம். நீ தண்ணீர் நிறையக் குடி.

நீ சொன்னபடி வலது பக்கம் மோத என்னாலானதைச் செய்தேன். முடியவில்லை, இதுவும் பழைய மாதிரிதான் உடைந்திருக்கும் என்று நினைக்கிறேன். உலோகப் பல்லும் போய்விட்டது. சிவப்புக் கோட்டை நான் தாண்டவில்லை என்று எழுதத்தான் ஆசை. கொஞ்சம் தாண்டினேன். முதலில் வண்டிதான் இடது பக்கம் இழுக்கிறதோ என்று சந்தேகம் வந்தது. வெட்டவெளியில் கையை எடுத்துவிட்டுப் பார்த்தேன், நூல் பிடித்த மாதிரி நேராகப் போகிறது. வண்டியைக் குறை சொல்ல முடியாது. இந்தத் தெருவில்தான் கண்ட இடத்தில் கல்லையும் தூணையும் நட்டு வைத்திருக்கிறார்கள்.

வேன் வந்துவிட்டது. மஞ்சள் நிறம். புது சீட் வாசனை. நேற்றுப் போய்ச் சாவியை வாங்கிக்கொண்டு, சீட்டை எனக்குத் தகுந்தாற்போல் நகர்த்தி வைத்துவிட்டு வந்தேன். சீருடைக்கு அளவு கொடுத்தாகிவிட்டது. இடுப்பு மட்டும் பழைய அளவு இல்லை என்று தையல்காரர் மெதுவாகச் சொன்னார்.

உன் அம்மாதான் இப்போதெல்லாம் ஒரு தினுசாக இருக்கிறாள். டீ டம்ளரைக் கண்ணுக்குத் தெரியாத இடமாகப் பார்த்து வைக்கிறாள், நான் தட்டிவிடுகிறேன், அவள் கத்துகிறாள். முடி வெட்டுகிறவரும் முகம் திருப்புகிறார். அவர் வணக்கம் வைத்தாராம், நான் மதிக்காமல் போனேனாம். வைத்திருந்தால் பார்த்திருக்க மாட்டேனா? வரவர மனிதர்களுக்குத் தொட்டதற்கெல்லாம் ரோஷம்.

செர்வோவை வேகமாக அனுப்பு.

உன் அப்பா


ஏப்ரல் 27

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன், பயப்படாதே. போனில் பேசுகிறவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று இருக்கும். நீ ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுகிறாய், அப்பா பக்கத்திலேயே இருக்கிறார். இது நமக்குள் இருக்கட்டும்.

அப்பா டீயைத் தட்டிவிடும்போது டம்ளர் அவருக்கு எந்தப் பக்கம் இருக்கிறது? நடக்கும்போது எதிலாவது இடித்துக்கொள்கிறாரா? சாப்பிடும்போது எதையாவது மிச்சம் வைக்கிறாரா? உனக்கு வேடிக்கையாக இருக்கும். எனக்காகக் கொஞ்சம் கவனித்து எழுது. ஒன்றும் இல்லை, அவருடைய செர்வோ சம்பந்தமான ஒரு சந்தேகம்.

உன் மகள்


மே 4

செல்ல மகளுக்கு அம்மா ஆசையோடு எழுதுவது.

உனக்கும் உன் அப்பாவுக்கும் நடுவில் நான் ஒருத்தி அகப்பட்டுக்கொண்டேன். அவர் காரோடு பேசுகிறார், நீ அந்தப் பெட்டிக்காக என்னைத் துப்பறியச் சொல்கிறாய். என் உடம்பு எப்படி என்று இரண்டு பேரும் கேட்கவில்லை. முட்டிவலி தேவலை.

கேட்டதற்குப் பதில். டம்ளர் இடது கைப்பக்கம் இருந்தால் அடுத்த நிமிஷம் தரையில்தான். இப்போது வலது பக்கம் வைக்கப் பழகிவிட்டேன். தட்டில் இடது ஓரத்தில் காய் வைத்தால் அப்படியே இருக்கும். "காய் வைக்கலையா?" என்று என்னையே கேட்பார். தட்டைத் திருப்பி வைத்தால், "அட, இருக்கே!" என்று சாப்பிடுவார். சட்டை ஒவ்வொன்றிலும் இடது தோளில் சுண்ணாம்பு. துவைத்துத் துவைத்து எனக்குக் கை ஓய்ந்துவிட்டது. கதவு நிலையில் உரசிக்கொண்டே வருகிறார். எப்போதும் காரிலேயே நினைப்பு, வேறென்ன?

ஸ்கூட்டருக்கு பேட்டரி போய்விட்டது என்று மாசக்கணக்கில் சொல்கிறாரே, போன வாரம் துடைக்கும்போது சும்மா சாவியைத் திருப்பினேன். சமர்த்தாகக் கிளம்பியது. அதைச் சொன்னால் காது கேட்காதவர் மாதிரி வெளியே போய்விட்டார். அந்த மனுஷனுக்கு என்னைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு போக வெட்கமாகிவிட்டதோ என்னவோ.

செர்வோவுக்கு என்ன ஆச்சு, சரியாகிவிடுமா?

அம்மா


மே 10

என் அப்பாவுக்கு,

இதை உட்கார்ந்து படியுங்கள். அம்மா பக்கத்தில் இருந்தால், அவள் நகர்ந்த பிறகு படியுங்கள். உங்களிடம் முதலில் சொல்ல வேண்டும் என்று தோன்றியதால்தான் போனில் சொல்லவில்லை.

நீங்கள் அனுப்பிய மூன்று செர்வோக்களின் பல்சக்கரங்களும் என் மேஜையில் ஒரு வெள்ளைத் துணிமேல் இருக்கின்றன. இடது சக்கரம் மோதினால் பல்லின் ஒரு பக்கம் நொறுங்கும், வலது சக்கரம் மோதினால் மறுபக்கம். இங்கே எனக்கு வருகிறவற்றில் இரண்டு பக்கமும் கலந்து உடைந்திருக்கும். மனிதர்கள் எல்லாப் பக்கமும்தான் மோதுவார்கள். உங்கள் மூன்றிலும் ஒரே பக்கம்தான் உடைந்திருக்கிறது. தொட்டிக்குப் போகும்போது சுவரில், இடது சக்கரம். திரும்பி வரும்போது தூணில், அதுவும் இடது சக்கரம். தெருவின் இந்த ஓரம், அந்த ஓரம் எல்லாம் மாறுகிறது, சக்கரம் மட்டும் மாறவில்லை. இதைத்தான் நான் வேடிக்கையாக எழுதினேன். அந்த வரியைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன்.

வண்டி நேராகத்தான் போகிறது என்று நீங்களே சோதித்துச் சொல்லிவிட்டீர்கள். நீங்கள் வண்டிக்குப் பின்னால் நடந்து ஓட்டுகிறவர். அதன் இடது உங்கள் இடது. டீ டம்ளர் இருந்ததும், கதவு நிலை உரசுவதும், முடி வெட்டுகிறவர் நின்று வணக்கம் வைத்ததும் அந்தப் பக்கமாகத்தான் இருக்க வேண்டும். வண்டியில் பழுது இல்லை அப்பா. உங்களுக்கு இடது பக்கம் தெரியவில்லை.

நர்ஸ் அக்காவிடம் கேட்டேன். தலைக்குப் போகும் ரத்தக் குழாயில் ஒரு சின்ன அடைப்பு வந்து, வலியில்லாமல் போயிருந்தால்கூட இப்படி ஆகுமாம். அந்த ஆளுக்கே தெரியாமல் இருக்குமாம். அப்படியானால் இன்னொன்று வராமல் தடுக்க வேண்டும். நாளைக்கே டாக்டரைப் பாருங்கள்.

வேனில் பிள்ளைகள் ஏறி இறங்குவது இடது பக்கம்.

உங்களுக்கு அந்த வேன் என்ன என்று எனக்குத் தெரியும். மாமாவை இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன் என்று நீங்கள் எழுதியதைப் பலமுறை படித்திருக்கிறேன். ஸ்கூட்டர் பேட்டரி நன்றாக இருக்கிறது என்றும் எனக்குத் தெரியும். ஏதோ சரியில்லை என்று உங்களுக்குத் தோன்றியிருக்கிறது, அம்மாவைப் பின்னால் உட்காரவைத்து ஓட்ட மனசு வரவில்லை. அந்த மனசு இருக்கிறவர் வேனையும் எடுக்க மாட்டார் என்று நம்புகிறேன்.

என் மேல் கோபம் வந்தால் திட்டி எழுதுங்கள். எழுதாமல் மட்டும் இருக்காதீர்கள்.

உங்கள் மகள்


மே 24

அப்பா,

கடிதம் வந்து சேர்ந்தது என்று அம்மா சொன்னாள். இரண்டு ஞாயிற்றுக்கிழமையும் நீங்கள் வெளியே போயிருப்பதாகவும் சொன்னாள். இரண்டு தடவையும் அவளுக்குப் பின்னால் உங்கள் இருமல் கேட்டது. அந்த இருமலை எனக்கு அடையாளம் தெரியாதா?

பள்ளி திறப்பதற்கு முன்னால் வருகிறேன். டிக்கெட் எடுத்தாகிவிட்டது. வாசலில் வேனுக்கு முன்னால் உட்கார்ந்தாவது நிறுத்துவேன். வலது பக்கமாகத்தான் உட்காருவேன், உங்களுக்குத் தெரிகிற மாதிரி.

மகள்


மே 29

என் கண்ணான மகளுக்கு,

உன் கடிதம் வந்த அன்று எனக்குக் கோபம்தான் வந்தது. பல்லைப் பார்த்து ஆளைச் சொல்ல இவள் யார் என்று நினைத்தேன். காரைத் தூக்கிப் பரண்மேல் போட்டேன். கடிதத்தை உன் அம்மாவிடம் காட்டவில்லை, என்ன என்று கேட்டதற்குக் கடுகடுவென்று விழுந்தேன். அவளும் கேட்பதை விட்டுவிட்டாள்.

பிறகு ஒரு சாயங்காலம், "வா, தொட்டிவரைக்கும் நடந்துட்டு வரலாம்" என்று கூப்பிட்டேன். கல்யாணமான புதிதில் கூப்பிட்டதோடு சரி, அவளுக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. என் இடது பக்கம் நடந்து வரச் சொன்னேன். நான் தலையைத் திருப்பாமல் நேராகப் பார்த்து நடந்தேன். அவள் பேசிக்கொண்டே வந்தாள், அதற்குத்தான் குறைவில்லையே. பாதி வழியில் கவனித்தேன். குரல் இருக்கிறது, ஆள் இல்லை.

தலையைத் திருப்பினேன். இருந்தாள். புடவைத் தலைப்பால் நெற்றியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். மறுபடி நேராகப் பார்த்தேன், இல்லை. "ஏன் நின்னுட்டீங்க?" என்றாள். "ஒன்னுமில்ல, நீ பேசு" என்றேன். அவள் பேசப்பேச எனக்கு அழுகை வந்துவிட்டது. தெருவில் நின்று அழுதேன் என்று உனக்கு எழுதுவதில் எனக்கு வெட்கம் இல்லை. அங்கேயே எல்லாவற்றையும் சொன்னேன். அவள் திட்டவில்லை. என் கையைப் பிடித்து வீட்டுக்குக் கூட்டிவந்தாள்.

டாக்டரைப் பார்த்தோம். படம் எடுத்தார்கள். உன் நர்ஸ் அக்கா சொன்னதுதான். கண் இரண்டும் நன்றாக இருக்கிறதாம், மூளையில் கண் பார்ப்பதை வாங்கிக்கொள்கிற இடத்தில்தான் ஒரு மூலை போயிருக்கிறது. போன பார்வை திரும்புவது சந்தேகம், இன்னொரு அடைப்பு வராமல் பார்த்துக்கொள்ளலாம் என்றார். மாத்திரை ஆரம்பித்தாகிவிட்டது. இனி வண்டி ஓட்டக் கூடாது. தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து நடக்கப் பழக வேண்டும்.

நீ என்னைப் பற்றி நல்லவிதமாக எழுதியிருந்தாய். முழுக்க உண்மை இல்லை. ஸ்கூட்டரை நிறுத்தியது நீ சொன்ன காரணத்துக்காகத்தான். ஆனால் வேனில் பெரிய கண்ணாடி இருக்கிறது, அதைப் பார்த்து ஓட்டிவிடலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். ஆசை அப்படிப் பேச வைத்தது. உன் மூன்று பல்சக்கரம் இல்லாவிட்டால் ஜூனில் அந்தச் சீட்டில் ஏறியிருப்பேன்.

பதினேழாம் நம்பரிடம் போய் வேன் சாவியைத் திருப்பிக் கொடுத்தேன். அவன் டீ வாங்கி, டம்ளரை என் வலது கைப்பக்கம் வைத்தான். உன் அம்மா முன்னாலேயே போய்ச் சொல்லியிருக்கிறாள். பிள்ளைகள் ஏறும் இடத்தில் நின்று வேன் நேரத்தைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும், வருகிறாயா என்று கேட்டான். யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

டிக்கெட்டைத் திருப்பிக் கொடுக்காதே. வேனை நிறுத்த வர வேண்டாம், எங்களைப் பார்க்க வா.

உன் அப்பா


ஜூலை 19

பல் டாக்டருக்கு அப்பா, அம்மா இருவரும் எழுதுவது. கை மட்டும் என்னுடையது.

நீ வந்துபோன பிறகு வீடு வெறிச்சென்று இருந்தது, இப்போது பரவாயில்லை. மாத்திரையை வேளைக்குப் போடுகிறேன். முடி வெட்டுகிறவரிடம் விஷயத்தைச் சொன்னேன், சமாதானம் ஆகிவிட்டார். இப்போது எனக்கு வலது பக்கமாக வந்து நின்று இரண்டு வணக்கமாக வைக்கிறார்.

பள்ளி நாட்களில் காலையில் வேன் நிற்கும் இடத்தில் நிற்கிறேன். தைத்த சீருடை வீணாகவில்லை. நான் கை காட்டினால்தான் வேன் நகரும். புது டிரைவர் சின்னப் பையன், ஆனால் ஸ்டீயரிங்கை ஒழுங்காகப் பிடிக்கிறான். முதல் நாள் வேன் என்னைத் தாண்டிப் போனபோது மனசு கஷ்டமாகத்தான் இருந்தது. மறைக்கவில்லை.

காரைப் பரணிலிருந்து இறக்கியாகிவிட்டது. சாயங்காலம் ரூட்டுக்குப் போகிறோம். உன் அம்மா எனக்கு இடது பக்கம் நடந்து வருகிறாள். அவள்தான் கண்டக்டர். "கல்லு", "தூணு", "சைக்கிள் வருது, ஓரமா வாங்க" என்று சொல்லிக்கொண்டே வருவாள். நடுநடுவே பக்கத்து வீட்டுக் கதையும் வரும். எது கல், எது கதை என்று பிரித்துக் கேட்கப் பழகிவிட்டேன். நீ வந்தபோது மாட்டிவிட்டுப் போன செர்வோவில் நட்டு உன் சிவப்புக் கோட்டிலேயே இருந்தது, நான் தொடவில்லை. பிளே பழகிவிட்டது.

ஆனாலும் அந்த செர்வோவைச் சேவரோடு இத்துடன் அனுப்பியிருக்கிறேன். உடைந்துவிட்டது. எப்படி என்று நான் சொல்லப் போவதில்லை. நீதான் பல்லைப் பார்த்து ஆளைச் சொல்கிறவளாயிற்றே, சொல் பார்க்கலாம்.

அப்பா


ஜூலை 30

அன்பு அப்பாவுக்கும் அம்மாவுக்கும்,

நான் சுகம். நர்ஸ் அக்காவும் உங்களை விசாரித்தார்.

செர்வோவைப் பிரித்தேன். ஓட்டியது அம்மா.

நட்டு சிவப்புக் கோட்டை மட்டுமல்ல, அதன் கடைசி மரையையும் தாண்டியிருக்கிறது. டப்பா மூடியை இறுக்குகிற கை அது. ஸ்டீயரிங் லூசாக இருக்கிறது என்று நினைத்து உங்களுக்குத் தெரியாமல் திருகியிருப்பாள். இப்படி ஒரு குடும்பத்தில் ஸ்பிரிங் வைத்த சாமான் பிழைக்குமா?

ஆனால் அதை வைத்துச் சொல்லவில்லை. பல் மறுபக்கம் உடைந்திருக்கிறது. வலது சக்கரம். ஒரு அடி இல்லை, நாலைந்து அடி, எல்லாம் வலது. அம்மாவின் கண்ணுக்கு ஒன்றும் இல்லை, எனக்குத் தெரியும். நான் அங்கே இருந்தபோது கவனித்தேன். உங்களோடு நடக்கும்போது அவள் முகம் இடது பக்கமே திரும்பியிருக்கிறது. கல் வருகிறதா, சைக்கிள் வருகிறதா என்று உங்களுக்குத் தெரியாத பக்கத்தையே பார்த்துப் பார்த்து அதுவே பழக்கமாகிவிட்டது. ரிமோட்டைக் கையில் வாங்கிய பிறகும் அவள் அங்கேதான் பார்த்திருக்கிறாள். வலது பக்கம் ஒரு சுவர் இருப்பதே அவளுக்கு ஞாபகம் இல்லை.

இத்தனை வருஷத்தில் எத்தனையோ உடைந்த பல்லைப் பார்த்திருக்கிறேன். ஒன்றைப் பார்த்து அழுதது இதுதான் முதல்.

புதுப் பல் போட்டு அனுப்புகிறேன். நட்டை இரண்டு பேரும் தொடக் கூடாது. அப்பா, உங்களுக்கு வலது பக்கம் நன்றாகத் தெரிகிறது. அவளுடைய வலது பக்கத்தை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மகள்